"கொடுத்திருப்போம்" என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? வில் ஹேவ், வுட் ஹேவ் குழப்பம்

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு மெயிலால் வந்த வினையைச் சொல்லிவிட்டு என் சந்தேகத்தைக் கேட்கிறேன். மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் வெளிநாட்டுக்காரர். போன வெள்ளிக்கிழமை போக வேண்டிய ரிப்போர்ட் போகவில்லை, அன்று சாயந்திரம் சர்வர் படுத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் வந்ததும் வராததுமாக அவருக்கு எழுதினேன்: "வி வில் ஹேவ் சப்மிட்டெட் தி ரிப்போர்ட் ஆன் ஃபிரைடே, பட் தி சர்வர் வாஸ் டவுன்."

என் மனதில் இருந்தது, "வெள்ளிக்கிழமையே கொடுத்திருப்போம், ஆனால் சர்வர் ஓடவில்லை". அவரிடமிருந்து ஒரே வரி பதில் வந்தது: "விச் ஃபிரைடே?" வருகிற வெள்ளிக்கிழமையா, போன வெள்ளிக்கிழமையா, கொடுத்தாயிற்றா, இனிமேல்தான் கொடுக்கப் போகிறீர்களா என்று அவருக்கு எதுவுமே பிடிபடவில்லை. மேலாளர் போன் போட்டுப் பேசி சரிசெய்தார். எனக்கு அன்று முழுக்க வேலையே ஓடவில்லை.

வில் ஹேவ் போட்டு வினையின் மூன்றாம் வடிவம் போட்டால் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட், அதற்குத் தமிழ் "செய்திருப்பேன்" என்றுதான் பள்ளிக்கூடத்தில் எழுதிப் போட்டார்கள், அப்படியேதான் இத்தனை வருஷமும் எழுதுகிறேன். எங்கே தப்பு? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டீச்சரம்மா_திண்டுக்கல்:
தம்பி, இந்தத் தப்பை நான் பரீட்சைத் தாளில் எத்தனை தடவை சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். இது கவனக்குறைவால் வருகிற தப்பு கிடையாது, தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வரும், ஏனென்றால் தமிழில் "கொடுத்திருப்போம்" என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது.

"நாளைக்குப் பத்து மணிக்குள் கொடுத்திருப்போம்." இது வரப்போகிற ஒரு நேரத்தைக் குறிவைத்து, அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்று சொல்வது. ஆங்கிலத்தில் வில் ஹேவ்.

"இந்நேரம் கொடுத்திருப்பார்கள்." இது ஊகம். நாம் நேரில் பார்க்கவில்லை, ஆனால் நடந்திருக்கும் என்று நம்புகிறோம். இதற்கும் வில் ஹேவ் வரும், மஸ்ட் ஹேவ் வரும்.

"சர்வர் ஓடியிருந்தால் கொடுத்திருப்போம்." இது நடக்கவே இல்லை. இங்கே ஆங்கிலம் வில் ஹேவை உள்ளேயே விடாது. வுட் ஹேவ் மட்டும்தான்.

நீங்கள் சொல்ல நினைத்தது மூன்றாவது, எழுதியது முதலாவது. "வி வுட் ஹேவ் சப்மிட்டெட் தி ரிப்போர்ட் ஆன் ஃபிரைடே, பட் தி சர்வர் வாஸ் டவுன்" என்று இருந்தால் அவர் கேள்வியே கேட்டிருக்க மாட்டார். (பாருங்கள், "கேட்டிருக்க மாட்டார்" என்பதும் அதே மூன்றாவது வகைதான்.)

என் வகுப்பில் ஒரு சோதனை சொல்லிக் கொடுப்பேன். தமிழ் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்து, அதன் பக்கத்தில் எந்தச் சொல் ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். "இந்நேரம்" ஒட்டினால் ஊகம். நாளை, அடுத்த மாதம், பத்து மணி என்று ஏதாவது ஒரு வருங்கால நேரத்தோடு "-க்குள்" ஒட்டினால் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட். நடக்காமல் போன காரணத்தைச் சொல்லப் பின்னாலேயே "ஆனால்" வந்து நின்றால் வுட் ஹேவ். உங்கள் வாக்கியத்தில் ஆனால் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வைகைக்கரை:
டீச்சர், ரொம்ப நன்றி. "ஆனால்" சோதனை ஒன்றே போதும் எனக்கு. பழைய மெயில்களை எடுத்துப் பார்த்தேன், குறைந்தது நாலு இடத்தில் இதே மாதிரி எழுதியிருக்கிறேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை என்பதால் சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லேத்துப்பட்டறை:
கோயம்புத்தூர்க்காரன், சொந்தப் பட்டறை, வெளிநாட்டுக்கு பம்ப் பாகங்கள் அனுப்புகிறோம். பதினைந்து வருஷமாக ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறேன், இந்த வில் ஹேவ் எனக்கு ஒரு தடவைகூடத் தேவைப்பட்டதில்லை. "தி கூட்ஸ் வில் பி ரெடி பை தி டென்த்." முடிந்தது. வாங்குகிறவருக்கும் புரிகிறது, எனக்கும் புரிகிறது. பிள்ளைகளுக்கு இதைப் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதற்குப் பதில் நாலு வாக்கியம் தைரியமாகப் பேசச் சொல்லிக் கொடுத்தால் உருப்படும் என்பது என் கருத்து. டீச்சர் தப்பாக நினைக்க வேண்டாம்.

டீச்சரம்மா_திண்டுக்கல்:
தப்பாக நினைக்க என்ன இருக்கிறது சார், தைரியமாகப் பேச வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மனப்பாடம் என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தக் காலத்தை மனப்பாடம் செய்ய வைத்தால் ஒட்டவே ஒட்டாது. "ஷி வில் ஹேவ் ரிட்டன் எ லெட்டர்" என்று தனியாக ஒரு வாக்கியத்தைப் பட்டியலில் போட்டால் அது எதற்கு என்று எந்தப் பிள்ளைக்குப் புரியும்? எந்த நேரத்துக்குள் என்று சொல்லாமல் இந்தக் காலம் நிற்கவே நிற்காது. அதைச் சொல்லாமல் வாய்பாடு மட்டும் எழுதிப் போடுவதால்தான் பிள்ளைகள் "செய்திருப்பேன்" வரும் இடமெல்லாம் இதைக் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள்.

நான் இப்படித்தான் செய்வேன். கரும்பலகையில் ஒரு கோடு. இந்த முனையில் இன்று. அந்த முனையில் ஒரு முளையடித்து, நாளைக் காலை எட்டு மணி பஸ் என்று எழுதுவேன். ஒரு பிள்ளையை எழுப்பி, "நீ இப்போது அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாய், ஜன்னல் ஓரம் இடம் கிடைத்துவிட்டது, டிக்கெட் எடுத்தாயிற்று. அங்கிருந்து வீட்டைத் திரும்பிப் பார். என்னென்ன முடிந்திருக்கும்?" என்று கேட்பேன். குளித்திருப்பேன் டீச்சர், சாப்பிட்டிருப்பேன், ஆட்டுக்குட்டிக்குத் தழை போட்டிருப்பேன் என்று வரிசையாக வரும். ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து, "தம்பியை எழுப்பியிருப்பேன், ஆனால் அவன் எழுந்திருக்க மாட்டான்" என்றாள். அதற்கு ஆங்கிலம், "ஐ வில் ஹேவ் ட்ரைட் டு வேக் மை பிரதர், பட் ஹி வோன்ட் ஹேவ் காட் அப்." எழுப்பியது நடந்திருக்கும், எழுந்தது நடந்திருக்காது. அன்று எதிர்மறை தனியாக நடத்த வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அந்தப் பெண் இன்று எங்கே இருக்கிறாளோ, அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு எல்லா வகுப்பிலும் நான் சொல்லியிருக்கிறேன்.

இரவுப்பணி:
லேத்துப்பட்டறை அண்ணன் சொல்வதில் பாதி சரி. நான் ராத்திரி ஷிஃப்டில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசுகிற வேலை. அவர்கள் பேச்சில் "ஐ'ல் பி டன் பை ஃபைவ்", "இட்'ல் பி ரெடி பை மண்டே" தான் அதிகம் கேட்கிறேன். பேச்சுக்கு அது போதும், மறுக்கவில்லை.

ஆனால் இன்னொரு விஷயம். அவர்கள் வில் ஹேவ் சொன்னால் நம் காதில் அது வில் ஹேவ் என்று விழாது. "ஐ'லவ் ஃபினிஷ்ட்" என்று ஒரே மூச்சில் உருண்டுவிடும், ஹேவில் ஹ சத்தமே வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் "தே'லவ் கட் மை லைன் பை தென்" என்று சொன்னார். எனக்கு "தே கட் மை லைன்" மட்டும்தான் காதில் விழுந்தது, இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டேன். அவர் சொன்னது, அதற்குள் துண்டித்திருப்பார்கள், ஆகவே முன்னாலேயே ஏதாவது செய்யுங்கள் என்பது. நாமே எழுதாவிட்டாலும் காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் இதைத் தூக்கிப் போட முடியாது.

லேத்துப்பட்டறை:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் ஒன்று கேட்கிறேன். "ஐ வில் ஃபினிஷ் இட் பை ஃபைவ்" என்பதற்கும் "ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் இட் பை ஃபைவ்" என்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் அஞ்சு மணிக்குள் வேலை முடிகிறது.

இரவுப்பணி:
எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன் அண்ணா. தமிழில் "அஞ்சு மணிக்குள்ள முடிச்சுடுவேன்" என்பது ஒன்று, "அஞ்சு மணிக்கெல்லாம் முடிச்சிருப்பேன்" என்பது ஒன்று. முதலாவதைச் சொல்லும்போது நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். வேலை இன்னும் உங்கள் கையில் இருக்கிறது, செய்து தள்ளிவிடுவேன் என்கிறீர்கள். இரண்டாவதில் அஞ்சு மணி என்ற நேரத்தில் நிலைமை எப்படி இருக்கும் என்று சொல்கிறீர்கள், "நீ அஞ்சு மணிக்கு வா, நான் சும்மாதான் இருப்பேன், டீ குடிக்கப் போகலாம்" என்று அடுத்த பேச்சு அதிலிருந்து தொடங்கும். சுடுவேன் என்றால் வில் ஃபினிஷ், சிருப்பேன் என்றால் வில் ஹேவ் ஃபினிஷ்ட். நான் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன், இதுவரை ஏமாற்றவில்லை.

உங்கள் தொழிலிலேயே பாருங்கள். வாங்குகிறவர், கப்பல் 12-ம் தேதி கிளம்புகிறது, அதற்கு முன் சோதனைக்கு ஆள் அனுப்பலாமா என்று கேட்டால், "வி வில் ஹேவ் பேக்ட் எவ்ரிதிங் பை தென்" என்று ஒரு வரி போட்டால் அவருக்கு விஷயம் விளங்கிவிடும். அப்போது வந்தால் எல்லாம் பெட்டிக்குள் போயிருக்கும், முன்னாலேயே வாருங்கள் என்று அர்த்தம். "வில் பேக் பை தென்" என்றால் அவர் சரி என்று சொல்லிவிட்டு 11-ம் தேதி வந்து நிற்பார்.

லேத்துப்பட்டறை:
இது எனக்கு ஏறுகிறது. பெட்டியில் போட்டு ஆணி அடித்த பிறகு ஆள் வந்து, மறுபடி எல்லாவற்றையும் பிரித்துக் காட்டியது எங்கள் பட்டறையில் நடந்தே இருக்கிறது.

சொல்லாய்வு:
சுடுவேன், சிருப்பேன் பிரிப்பு அருமை. அந்த "விடு", "இரு" இரண்டும் துணைவினைகள். தமிழில் விடு வந்தால் வினை முழுசாக முடிகிறது என்ற உறுதி, இரு வந்தால் முடிந்த வினையின் நிலை நீடிக்கிறது என்ற பொருள். முடித்திருந்தேன், முடித்திருக்கிறேன், முடித்திருப்பேன் என்று மூன்று காலத்துக்கும் இரு வரும், ஆங்கிலத்தில் ஹேட், ஹேவ், வில் ஹேவ் என்று வருவதோடு கிட்டத்தட்ட அடுக்கு அடுக்காகப் பொருந்தும். அதனால் இது நமக்கு அந்நியமான காலம் என்று சொல்வதே தவறு. நம் பாட்டிமார் தினமும் பேசியதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் போனில் "இதோ வந்துட்டேன்" என்று சொல்கிறோம், ஆனால் அப்போதுதான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம். வராததை வந்துவிட்டதாகச் சொல்வது. தொல்காப்பியர் இதைச் சொல்லதிகாரத்தில் வினையியலில் கவனித்து எழுதியிருக்கிறார்:

"வாராக் காலத்தும் நிகழும் காலத்தும்
ஓராங்கு வரூஉம் வினைச்சொற் கிளவி
இறந்த காலத்துக் குறிப்பொடு கிளத்தல்
விரைந்த பொருள என்மனார் புலவர்"

எதிர்காலத்தையும் நிகழ்காலத்தையும் இறந்தகாலமாகச் சொல்வது விரைவு காரணமாக என்கிறார். நன்னூலும் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று காரணம் காட்டி இந்த மயக்கத்தை ஏற்றுக்கொள்கிறது. இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் "ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட் பை டுமாரோ" என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "நாளைக்கு முடிச்சுட்டேன்னு வச்சுக்கோங்க" என்ற தமிழ் அதன் அடியில் கிடக்கிறது. தமிழில் விரைவுக்கு இடம் உண்டு, ஆங்கிலத்தில் ஹேவ் ஃபினிஷ்ட் பக்கத்தில் டுமாரோ வந்து நிற்க முடியாது, நாளை என்றால் வில் ஹேவ்தான்.

வடமராட்சி:
நான் யாழ்ப்பாணம், இப்ப டொரன்டோவில் இருக்கிறேன். எங்கட பக்கம் "முடிச்சிருப்பன்", "போயிருப்பன்" என்று சொல்லுவம், மற்றபடி அதே கதைதான். டீச்சர் இரண்டாவதாகச் சொன்ன ஊகம் பற்றி ஒரு சொல். இஞ்சை வந்த புதிதில் நான் எதற்கெடுத்தாலும் வுட் ஹேவ் போட்டுத்தான் கதைப்பேன். அம்மா கடைக்குப் போய் நேரம் ஆச்சுது, வந்திருப்பா என்று நினைத்து "ஷி வுட் ஹேவ் ரீச்ட் ஹோம்" என்று வேலையிடத்தில் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண் பதறிப்போய் "ஆனால் என்ன நடந்தது?" என்று கேட்டாள். அவளுக்கு, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார், ஆனால் வழியில் ஏதோ நடந்துவிட்டது என்று கேட்டிருக்கிறது. "ஷி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்" என்றோ "ஷி மஸ்ட் ஹேவ் ரீச்ட் ஹோம்" என்றோ சொல்லியிருக்க வேண்டும்.

என்ர மகளைக் கேட்டால், தான் பேசும்போது அநேகமாக "ஷி'ஸ் ப்ராபப்ளி ஹோம் பை நவ்" என்று விடுவேன் என்கிறாள். அதுவும் சரிதான். ஆனால் வுட் ஹேவ் மட்டும் அந்த இடத்தில் ஆபத்து.

டீச்சரம்மா_திண்டுக்கல்:
இது மிக முக்கியமான இடம், நீங்கள் சொன்னது நல்லதாயிற்று. நம் நாட்டில் "ஹி வுட் ஹேவ் ரீச்ட்" என்று ஊகத்துக்குச் சொல்வது சாதாரணம், நமக்குள் பேசினால் எல்லாருக்கும் புரியும். வெளியே இருப்பவர் காதுக்கு அது ஒரு "ஆனால்" வருவதற்குக் காத்திருக்கிற வாக்கியம். வில் ஹேவ், மஸ்ட் ஹேவ் இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலளவு வித்தியாசம் உண்டு. அவர் தினமும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போவார், இப்போது மணி ஏழு, அதனால் போயிருப்பார் என்று வழக்கத்தை வைத்துச் சொன்னால் வில் ஹேவ். வாசலில் செருப்பு கிடக்கிறது, விளக்கு எரிகிறது, அதனால் வந்திருக்க வேண்டும் என்று அடையாளத்தைப் பார்த்துச் சொன்னால் மஸ்ட் ஹேவ். "வந்திருக்கலாம்" என்றால் மே ஹேவ். தமிழில் நாம் சரியாகவே பிரிக்கிறோம், ஆங்கிலத்துக்குப் போகும்போது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிடுகிறோம்.

சொல்லாய்வு:
வில் என்பதையே எதிர்காலம் என்று மட்டும் நினைப்பதால் வருகிற சிக்கல் இது. கதவு தட்டும் சத்தம் கேட்டு "தபால்காரராக இருக்கும்" என்கிறோம். அவர் இப்போதே வாசலில் நிற்கிறார், ஆனாலும் "இருக்கும்" என்று எதிர்காலத்தில்தான் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் "தட் வில் பி தி போஸ்ட்மேன்". 2002-ல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் ஆங்கிலத்துக்கு எதிர்காலம் என்று தனியாக ஒரு காலமே கிடையாது, வில் என்பது வுட், மே, மஸ்ட் போல ஒரு துணைவினை என்றே வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் வில் ஹேவ் ஊகத்துக்கும் வருவதில் வியப்பே இல்லை.

1947-ல் ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற தத்துவ அறிஞர் காலங்களைப் பிரித்த விதமும் இங்கே உதவும். பேசும் நேரம், வினை நடக்கும் நேரம், எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்கிற நேரம் என்று மூன்று புள்ளி. ஃபியூச்சர் பெர்ஃபெக்டில் நின்று பார்க்கும் புள்ளி எதிர்காலத்தில் இருக்கும், வினை அதற்கு முன்னால் நடந்திருக்கும், அவ்வளவுதான் நிபந்தனை. பேசும் நேரத்துக்கு முன்னா பின்னா என்று அது சொல்வதே இல்லை. "நாளைக்குள் அவன் படித்து முடித்திருப்பான்" என்றால் ஒருவேளை நேற்றே முடித்திருக்கலாம். டீச்சர் பஸ்ஸில் உட்கார வைத்தது அந்த மூன்றாவது புள்ளியைத்தான்.

போட்டித்தேர்வு:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். தேர்வுக்குப் படிக்கிறேன், ரெண்டு சந்தேகம். ஒன்று, "பை தி டைம் யு வில் கம், ஐ வில் ஹேவ் லெஃப்ட்" என்று எழுதினேன், தப்பு என்று மார்க் போகிறது. வருகிறது எதிர்காலம்தானே, அப்போ வில் வர வேண்டாமா? ரெண்டாவது, "அஞ்சு மணிக்குள்" என்பதற்கு வித்தின் ஃபைவ் ஓ க்ளாக் என்று போடலாமா?

டீச்சரம்மா_திண்டுக்கல்:
முதல் கேள்வி: "நீ வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன்." இந்த "வருவதற்குள்" இருக்கிறதே, அதில் வ் என்று எதிர்கால இடைநிலை தெரிவதால் கை தானாக வில் போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் வென், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், பை தி டைம் என்று நேரம் காட்டுகிற துண்டுக்குள் வில் வராது, சாதாரண நிகழ்காலம்தான். "பை தி டைம் யு கம், ஐ வில் ஹேவ் லெஃப்ட்." வில் ஒரு பக்கம் மட்டும், அதுவும் முக்கிய வாக்கியத்தில் மட்டும். இருவரும் நேரில் சந்திக்கிற இடத்தைச் சொன்னால் கம் என்பதைவிட அரைவ், கெட் ஹியர் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் அது வேறு பாடம்.

இரண்டாவது கேள்வி: போடக்கூடாது. வித்தின் என்பது கால அளவுக்கு. வித்தின் டூ அவர்ஸ், வித்தின் எ வீக். கடிகாரத்தில் ஒரு புள்ளியைக் காட்டினால் பை. பை ஃபைவ் ஓ க்ளாக், பை மண்டே. நமக்கு இரண்டுக்கும் "-க்குள்" தான் என்பதால் மாறிவிடுகிறது. "அஞ்சு மணி வரை" என்றால் அன்டில். "ஐ வில் ஒர்க் அன்டில் ஃபைவ்" என்றால் அஞ்சு மணி வரை வேலை செய்துகொண்டே இருப்பேன். இந்தக் காலத்தோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் பை.

அப்படியே இன்னொன்றும் பார்த்துக்கொள் தம்பி. ஹி, ஷி வந்தாலும் "வில் ஹேஸ்" கிடையாது, வில் வந்துவிட்டால் எப்போதும் ஹேவ். மூன்றாம் வடிவம் சரியாக வர வேண்டும், "வில் ஹேவ் வென்ட்" என்று எழுதாதே, "வில் ஹேவ் கான்" என்று எழுது.

போட்டித்தேர்வு:
நன்றி டீச்சர். வருவதற்குள் என்பதில் வ் இருப்பதால்தான் வில் போட்டேன் என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. இன்னும் ஒன்று மட்டும். வில் ஹேவ் பீன் போட்டு ஐஎன்ஜி வருகிறதே, அதைத் தமிழில் எப்படி யோசிப்பது? "செய்துகொண்டிருந்திருப்பேன்" என்று போட்டிருக்கிறது ஒரு கைடில். அப்படி நான் யாரும் பேசிக் கேட்டதில்லை.

டீச்சரம்மா_திண்டுக்கல்:
நீ கேட்டிருக்க மாட்டாய், ஏனென்றால் யாரும் அந்த இடத்தில் அப்படிப் பேசுவதில்லை. அந்த கைடு எழுதியவர் சொல்லுக்குச் சொல் வைத்து நெய்திருக்கிறார். நாம் அதை வேறு மாதிரி சொல்லுவோம்: "நான் இங்கே சேர்ந்து வர்ற மார்ச்சோடு பத்து வருஷம் ஆகிறது." இந்த "ஓடு... ஆகிறது" தான் உனக்கு அடையாளம். "பை நெக்ஸ்ட் மார்ச், ஐ வில் ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்." நாம் வருஷத்தை எழுவாயாக வைத்து ஆகிறது என்கிறோம், ஆங்கிலம் ஆளை எழுவாயாக வைக்கிறது. வருஷங்களின் எண்ணிக்கை ஒரு வருங்கால நாளில் வந்து நிறையும்போது இந்த வடிவம்.

எல்லா வினைக்கும் ஐஎன்ஜி ஒட்டாது. தெரியும், பிடிக்கும், சொந்தமாக இருக்கிறது போன்றவை வில் ஹேவ் நோன், வில் ஹேவ் ஓன்ட் என்று ஐஎன்ஜி இல்லாமல் வரும். "வி வில் ஹேவ் நோன் ஈச் அதர் ஃபார் ட்வென்டி இயர்ஸ் திஸ் தீபாவளி." இந்த தீபாவளியோடு நமக்குள் பழக்கம் ஆகி இருபது வருஷம் ஆகிறது.

சொல்லாய்வு:
உதாரணத்துக்கு நிஜமான தேதிகளை எடுத்தால் பதிகிறது. 2047 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா சுதந்திரம் அடைந்து நூறு ஆண்டு ஆகும்: "இண்டியா வில் ஹேவ் பீன் இன்டிபென்டென்ட் ஃபார் எ ஹண்ட்ரட் இயர்ஸ்." ஹேலி வால்நட்சத்திரம் கடைசியாக 1986-ல் வந்தது, அடுத்து 2061-ல் வரும்: "பை தி டைம் இட் ரிடர்ன்ஸ், செவன்டி-ஃபைவ் இயர்ஸ் வில் ஹேவ் பாஸ்ட்." இதில் ரிடர்ன்ஸ் நிகழ்காலத்தில் இருப்பதைக் கவனியுங்கள் தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு விடை அதுதான்.

லேத்துப்பட்டறை:
நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் "தி சப்ளையர் வில் ஹேவ் பீன் பெய்ட்" என்று ஒரு வரி ஒரு தடவை வந்தது. அப்போது நான் அதை "சப்ளையருக்குப் பணம் கொடுக்கப்படும்" என்று படித்துவிட்டேன். ஆனால் முழு வாக்கியம், பொருள் கைக்குப் போவதற்கு முன்னாலேயே பணம் கொடுக்கப்பட்டிருக்கும் என்று எனக்குச் சாதகமாக இருந்தது. நான் அதைக் கவனிக்காமல் சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்கு நாற்பத்தைந்து நாள் உட்கார்ந்திருந்தேன். முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். நாம் பேசுவதற்கு இது தேவையில்லாமல் இருக்கலாம், ஆனால் படித்தால் புரிய வேண்டும். வில் பி பெய்ட், வில் ஹேவ் பீன் பெய்ட், இரண்டுக்கும் நடுவில் என் பணம் இருந்தது.

இரவுப்பணி:
அண்ணா, அந்த இடத்தில் தமிழில் "கொடுக்கப்படும்" என்பதற்கும் "கொடுக்கப்பட்டிருக்கும்" என்பதற்கும் உள்ள அதே தூரம்தான். தமிழில் எழுதியிருந்தால் நீங்கள் நொடியில் பிடித்திருப்பீர்கள்.

லேத்துப்பட்டறை:
பிடித்திருப்பேன். வுட் ஹேவ்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி, இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இன்று அதே வாடிக்கையாளருக்கு அடுத்த கட்ட வேலை பற்றி எழுத வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"வி வுட் ஹேவ் ஸ்டார்ட்டெட் டெஸ்டிங் எஸ்டர்டே, பட் வி வேர் வெயிட்டிங் ஃபார் யுவர் டேட்டா. வி ஹேவ் இட் நவ். வி வில் ஹேவ் கம்ப்ளீட்டெட் தி டெஸ்டிங் பை தர்ஸ்டே ஈவ்னிங், ஸோ யு கேன் ப்ளான் தி டெமோ ஃபார் ஃபிரைடே. பை தி டைம் யு வில் ரிசீவ் தி ஃபைனல் ரிப்போர்ட், ஆல் தி எரர்ஸ் வில் ஹேவ் பீன் ஃபிக்ஸ்ட்."

முதல் வரியில் ஆனால் வருகிறது, வுட் ஹேவ் போட்டேன். மூன்றாவதில் வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள், அதை வைத்து வெள்ளிக்கிழமை அவர் ஒரு முடிவு எடுக்கப் போகிறார், அதனால் வில் ஹேவ். கடைசி வரி டீச்சர் சொன்ன செயப்பாட்டு வினை.

டீச்சரம்மா_திண்டுக்கல்:
நன்றாக வந்திருக்கிறது தம்பி. செயப்பாட்டு வினை லேத்துப்பட்டறை சார் சொன்னது, நான் இல்லை. கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். பை தி டைம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

வைகைக்கரை:
வில்! "நீங்கள் பெறுவதற்குள்" என்று யோசித்தேன், அங்கேயும் வ். "பை தி டைம் யு ரிசீவ் தி ஃபைனல் ரிப்போர்ட்" என்று மாற்றிவிட்டேன்.

போட்டித்தேர்வு:
அண்ணா, என்ன பதில் வந்தது என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை:
இப்போதுதான் வந்தது தம்பி. "ஃபிரைடே ஒர்க்ஸ். லெவன் ஏஎம்?" என்று கேட்டிருக்கிறார்.